ஊருக்கே தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாதா? – தேர்தல் சட்டம்: வாசகர் கேள்வி பதில்

தேர்தல் பற்றி வரும் கடிதங்கள் பெரும்பாலும் “எல்லாருக்கும் தெரிந்ததுதானே” என்றுதான் தொடங்குகின்றன. எல்லாருக்கும் தெரிந்தது சட்டத்தின் காதில் எப்போது ஏறும், எப்போது ஏறாது என்பதை ஒட்டிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பணம் கொடுத்தார்கள். ஊருக்கே தெரியும். ஆனாலும் ஜெயித்தவர் பதவியில் இருக்கிறார். ஊருக்குத் தெரிந்தது நீதிமன்றத்துக்கு மட்டும் தெரியாதா?
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

வாக்குப்பதிவு நாளை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஊர்ப்பேச்சுக்குக் கொஞ்சம் பலம் உண்டு. பின்னால் அனேகமாகப் பலமே இல்லை.

முன்னால் என்றால், தேர்தல் ஆணையத்தின் கையில் அரசமைப்புச் சட்டத்தின் 324-வது பிரிவு இருக்கிறது. பணம் கொடுத்தது இன்ன வேட்பாளர்தான் என்று ஆணையம் நிரூபிக்கத் தேவையில்லை. தொகுதியில் நேர்மையாகத் தேர்தல் நடக்கும் சூழல் கெட்டுவிட்டது என்று காட்டினால் போதும். 2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் இப்படித்தான் நின்றன. நவம்பர் 19-ல் மறுபடி நடந்தன. 2017 ஏப்ரல் 12-ல் நடக்கவேண்டிய ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாகி டிசம்பர் 21-க்குப் போனது. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் நடந்தது. ஆனால் இவற்றில் எதுவும் வெறும் பேச்சை வைத்து நின்றதல்ல. பிடிபட்ட ரொக்கமும் வருமான வரிச் சோதனையில் சிக்கிய ஆவணங்களும் பின்னால் இருந்தன.

முடிவு அறிவித்தாகிவிட்டால் ஆணையத்தின் வேலை தீர்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 329(பி) பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு ஒன்றுதான் வழி. அங்கே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 123(1) பிரிவு கேட்பது இதைத்தான்: பணம் கொடுத்தவர் வேட்பாளரா, அவருடைய ஏஜென்ட்டா? வேறு ஆள் என்றால், வேட்பாளரோ அவருடைய தேர்தல் ஏஜென்ட்டோ அதற்குச் சம்மதித்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? யார், யாருக்கு, எந்தத் தேதி, எந்த இடம் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். படிவம் 25-ல் பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும். “கட்சிக்காரர்கள் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள்” என்று மட்டும் எழுதிய மனு விசாரணைக்கே போகாமல் விழுந்துவிடும்.

இவ்வளவு கறார் ஏன்? குற்றச்சாட்டு நிரூபணமானால் பதவி போவதோடு 8ஏ பிரிவின்படி 6 ஆண்டுகள் வரை தகுதி நீக்கமும் வரலாம். அதனால்தான் நீதிமன்றங்கள் இதைக் கிட்டத்தட்ட கிரிமினல் வழக்கு மாதிரி எடைபோடுகின்றன.

இன்னொரு முட்டுக்கட்டை: வாங்கியவரும் குற்றவாளி. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. “நான் வாங்கினேன்” என்று யார் கூண்டில் ஏறுவார்கள்? இதற்குச் சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. வழக்கறிஞர்களில்கூடப் பலர் அதைத் தட்டுவதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 95-வது பிரிவின்படி, தேர்தல் மனு விசாரணையில் எல்லாக் கேள்விகளுக்கும் உண்மையாகப் பதில் சொன்ன சாட்சி, அந்தப் பதில்களுக்காகத் தண்டனை வராமலிருக்க நீதிமன்றத்திடம் பாதுகாப்புச் சான்று பெறலாம்.

அடுத்த முறை வாக்குப்பதிவு நாள் என்கிற கோட்டுக்கு முன்னாலேயே செயல்படுங்கள். தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலைத் திறந்து, அதற்குள்ளேயே படமோ வீடியோவோ எடுக்க வேண்டும். இடம் தானாகப் பதிவாகும். கேலரியில் இருக்கும் பழைய படத்தை அது ஏற்காது. பலரின் புகார் இங்கேதான் நின்றுபோகிறது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் அப்படி அனுப்பினால் புகாரின் நிலையைப் பின்தொடர எண் கிடைக்காது. 100 நிமிடத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. செயலி இல்லாதவர்களுக்கு 1950 என்ற எண்.

கேள்வி: மெஷின் மேல் நம்பிக்கை இல்லை என்று ஒருவர் சொன்னால், “ஆதாரம் எங்கே” என்கிறார்கள். மக்களின் சந்தேகத்துக்கே சட்டத்தில் மதிப்புக் கிடையாதா?
(வாசகர், திருச்சி)

உண்டு. நாம் போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் என்கிற பெட்டியே அந்தச் சந்தேகத்துக்குப் பிறந்த பிள்ளைதான். சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில் 2013 அக்டோபர் 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இயந்திரத்தில் மோசடி நடந்தது என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. நேர்மையான தேர்தலுக்குக் காகிதத் தடம் இன்றியமையாதது, வாக்காளரின் நம்பிக்கைக்கு அது வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அதற்கு முந்தைய மாதமே நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அந்தப் பெட்டி முதன்முதலாகப் பயன்பட்டுவிட்டது.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே சுமார் 20 லட்சம் பேர் இயந்திரத்தில் வாக்களித்தார்கள். 2009 மார்ச் 3-ல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகன் தானே சரிபார்க்க முடியாத முறை செல்லாது என்றது. தவறு நடந்ததாக அந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, அந்தத் தேர்தலை ரத்து செய்யவும் இல்லை. பார்த்துப் புரிந்துகொள்ள முடியாததே குறை என்றது.

நம் உச்ச நீதிமன்றம் அந்த எல்லைக்குப் போக மறுத்துவிட்டது. 2024 ஏப்ரல் 26-ல் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு, எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும், பழைய வாக்குச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் தள்ளியது. கண்மூடித்தனமான அவநம்பிக்கை வேண்டாம் என்றது. அதே கையோடு இரண்டு கட்டளைகளும் போட்டது. ஒன்று, விவிபேட்டில் சின்னங்களை ஏற்றும் கருவியை முத்திரையிட்டு, முடிவு வந்து 45 நாள் வரை ஸ்ட்ராங் ரூமில் வைக்க வேண்டும். இன்னொன்று, இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்த வேட்பாளர்கள் 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். செலவு கேட்டவருடையது; முறைகேடு தெரிந்தால் பணம் திரும்பும். 2024-ல் அந்தக் கட்டணம் இயந்திரமும் விவிபேட்டும் சேர்ந்த ஒரு செட்டுக்கு வரியோடு 47,200 ரூபாயாக இருந்தது. அதிகம் என்று ஆட்சேபம் எழுந்தபின் குறைந்தது.

எங்கள் கருத்து: சந்தேகப்படுகிற உரிமை வாக்காளருக்கு, சோதிக்கிற உரிமை தோற்ற வேட்பாளருக்கு மட்டும் என்கிற இந்தப் பிரிவினையில் ஒரு ஓட்டை இருக்கிறது. தோற்றவர் சோர்ந்து வீட்டுக்குப் போய்விட்டால் வாக்காளரின் சந்தேகம் அப்படியே தொங்கும்.

இப்போது எண்ணப்படுவது ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் குலுக்கலில் வரும் 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகள். 2019 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது இது. அதற்கு முன் ஒன்றே ஒன்றுதான். பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: எண்ணிய சீட்டும் இயந்திரக் கணக்கும் மாறினால், தேர்தல் நடத்தும் விதிகள் 1961-ன் 56டி விதியின்படி சீட்டின் கணக்கே செல்லும்.

கேள்வி: நான் ஒரு பட்டனை அழுத்தி, சீட்டில் வேறு சின்னம் வந்தால் என்ன செய்வது?
(வாசகி, தென்காசி)

சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடிதான் தெரியும். பிறகு அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். மாறியிருந்தால் அங்கேயே நின்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். வெளியே வந்து டிவிக்காரர்களிடம் சொன்னால் சட்டப்படி அதற்கு ஒரு பயனும் இல்லை.

அதன்பின் அதே விதிகளில் உள்ள 49எம்ஏ விதி ஓடும். பொய்யாகச் சொன்னால் என்ன தண்டனை என்பதை அலுவலர் முதலில் எச்சரிப்பார்: 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் எழுத்தில் உறுதிமொழி தரவேண்டும். வாக்களிக்க வந்தவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் உங்கள் பெயருக்கு இரண்டாவது பதிவு போடுவார்கள். அலுவலர், பூத் ஏஜென்ட்டுகள் முன்னால் நீங்கள் ஒரு சோதனை ஓட்டுப் போட வேண்டும். சீட்டு மாறி வந்தால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு உடனே நிற்கும். தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தகவல் போகும். சரியாக வந்தால் அதையும் எழுதி, அந்தச் சோதனை ஓட்டு எந்த வேட்பாளருக்கு விழுந்தது என்று சாவடியின் ஓட்டுக் கணக்கை எழுதும் படிவம் 17சி-யில் குறித்து, எண்ணும்போது கழிப்பார்கள்.

முதல் முறை மாறி, இரண்டாம் முறை சரியாக வந்தால்? சட்டம் உங்களைப் பொய்யர் பக்கம் நிறுத்திவிடும். புகார் கொடுக்கவே பலர் தயங்குவதற்கு இதுதான் காரணம். அழுத்துவதற்கு முன்பே கண்ணாடிமேல் கண் வையுங்கள். பக்கத்துச் சின்னத்தைப் பார்த்துக் குழம்பிவிட்டுப் புகார் கொடுக்காதீர்கள். சீட்டில் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் இருக்கும், மூன்றையும் பாருங்கள்.

சீட்டே வரவில்லை என்றால் அது வேறு விஷயம். பெரும்பாலும் பிரின்டர் கோளாறு. 2018 மே மாதம் கைரானா, பண்டாரா-கோண்டியா மக்களவை இடைத்தேர்தல்களில் இந்தக் கோளாறு கூட்டமாக வந்து, முறையே 73, 49 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. விவிபேட்டின் சென்சார்மேல் நேர் வெளிச்சம் பட்டதும், காகிதச் சுருள் ஈரப்பதத்தை உறிஞ்சியதும் காரணங்கள் என்று ஆணையம் சொன்னது. பெட்டியை ஜன்னலோரத்தில் வைக்காதே, மேலே பல்பு தொங்கவிடாதே என்று பயிற்சியில் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: என் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள். 49பி விதியைச் சொல்லிக் கேட்டால் என் ஓட்டு எண்ணப்படும்தானே? அப்படிப்பட்ட ஓட்டு 14 சதவீதம் தாண்டினால் மறுதேர்தல் என்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது.
(வாசகர், விழுப்புரம்)

14 சதவீதக் கதை பொய். அப்படி ஒரு விதியே கிடையாது.

49பி உண்மை. ஒரு சினிமாவுக்குப் பிறகு ஊரெங்கும் பிரபலமாகவும் ஆகிவிட்டது. ஆனால் சினிமா பார்த்தவர்கள் நினைப்பது மாதிரி அது இயந்திரத்தில் போடும் ஓட்டு அல்ல. உங்கள் அடையாளத்தைக் கேள்வி கேட்டுச் சரிபார்த்தபின், காகித வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவார்கள். படிவம் 17பி-யில் கையெழுத்துப் போட வேண்டும். ரப்பர் ஸ்டாம்பால் முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தால் தனி உறையில் போகும். இதன் பெயர் ஆய்வுக்குரிய வாக்கு. எண்ணும் நாளில் அந்த உறையைத் திறக்கவே மாட்டார்கள். பின்னால் தேர்தல் மனு வந்து நீதிமன்றம் சொன்னால்தான் அதற்கு உயிர்.

“அப்புறம் எதற்கு?” என்று கேட்கலாம். ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-ல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் சண்டையே இந்த உறைகளைச் சுற்றித்தான் நடந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், மனுவில் குறிப்பிட்டு எழுதாத ஆய்வுக்குரிய வாக்குகளைப் பின்னால் நுழைக்க முடியாது என்று 2011-ல் முடிவானது. ஆக, உறையில் ஓட்டு இருக்க வேண்டும். அது இருப்பதை மனுவும் சொல்ல வேண்டும்.

கள்ள ஓட்டைத் தடுக்க ஏஜென்ட்டுக்கு இருக்கும் ஆயுதம் 49ஜே. வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று தோன்றினால், 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். இன்றைக்கும் 2 ரூபாய்தான். அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். இடம் மாறியவர், இறந்தவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் ஏஜென்ட்டுக்கு இது பயன்படும். போனை நோண்டிக்கொண்டிருப்பவருக்குப் பயன்படாது.

கேள்வி: மாலையில் ஒரு சதவீதம் சொல்கிறார்கள், மறுநாள் கூடுதலாகச் சொல்கிறார்கள். இடையில் என்ன நடக்கிறது?
(வாசகர், கோயம்புத்தூர்)

மாலையில் வருவது போனிலும் செயலியிலும் திரட்டிய உத்தேசக் கணக்கு. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு, கடைசி ஆளிடமிருந்து தொடங்கி டோக்கன் கொடுப்பார்கள். அவர்கள் போட்டு முடிக்க நேரமாகும். தொலைதூரச் சாவடிகளின் கணக்கும் பிறகுதான் சேரும். ஆக, எண் ஏறுவது மட்டும் மோசடிக்கு அடையாளம் ஆகாது. அதே நேரம், “நம்புங்கள்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும் போதாது. ஒவ்வொரு சாவடியின் 17சி-யையும் இணையத்தில் போடச் சொல்லிக் கேட்ட மனுவில், தேர்தல் நடந்துகொண்டிருந்த 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. போட்டிருந்தால் பாதி வதந்தி அன்றைக்கே செத்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் அந்தக் காகிதம் ரகசியம் அல்ல. 49எஸ் விதியின்படி, வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் 17சி-யின் நகலைத் தலைமை அலுவலர் கொடுத்தே ஆகவேண்டும். மாலை 4 மணிக்கே “கூட்டம் குறைஞ்சிருச்சு” என்று வீட்டுக்குப் போன ஏஜென்ட்டுக்கு அது கிடைக்காது. தோற்ற கட்சியின் கையில் 17சி முழுசாக இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நகலை வாங்கியதும் கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணும் காகித முத்திரையின் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கூட்டல் கழித்தல். 17ஏ பதிவேட்டில் 812 பேர். கையெழுத்துப் போட்டபின் ஓட்டுப் போட மறுத்தவர்கள் 2 பேர் என்றால், இயந்திரம் 810 காட்ட வேண்டும். எண்ணும் நாளில் அந்த மேசைக்குப் போகும் ஏஜென்ட்டிடம் இந்தத் தாள் இருக்க வேண்டும். கருவியின் எண், முத்திரை எண், மொத்தம் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே முடிவுப் பட்டனை அழுத்த விடவேண்டும்.

மொத்தம் சரியாக 50 அல்லது அதற்குச் சற்று மேல் கூடுதலாக வந்தால் பயப்படாமல் காலைக் கணக்கை நினையுங்கள். வாக்குப்பதிவுக்கு முன் ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவார்கள். அதை அழிக்க மறந்தால் அந்த ஓட்டுகளும் சேர்ந்து நிற்கும். அப்படிப்பட்ட இயந்திரத்தைத் தனியே வைத்துவிடுவார்கள். ஜெயித்தவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இயந்திரத்தின் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால், விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். மாதிரி ஓட்டின் சீட்டுகளைப் பின்பக்கம் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் வைப்பது இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான். காலையில் தூக்கக் கலக்கத்தோடு தாமதமாக வரும் ஏஜென்ட் தவறவிடுவது இந்த அரை மணி நேரத்தைத்தான்.

கேள்வி: “உங்கள் தெருவில் எங்களுக்கு ஓட்டு விழவில்லை” என்கிறார்கள். ரகசிய ஓட்டு எப்படித் தெரியும்?
(வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

உங்கள் ஓட்டுத் தெரியாது. உங்கள் சாவடியின் ஓட்டுத் தெரியும். வாக்குச்சீட்டுக் காலத்தில், ஆணையம் அறிவித்த தொகுதிகளில், 59ஏ விதியின்படி பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணினார்கள். இயந்திரம் வந்ததும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதாயிற்று. சில தெருக்களின் மனசு காகிதத்தில் வந்துவிட்டது. 14 இயந்திரங்களைச் சேர்த்து மொத்தத்தை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியை 2008-லேயே ஆணையம் கேட்டது. 2015-ல் சட்ட ஆணையத்தின் 255-வது அறிக்கையும் பரிந்துரைத்தது. இன்றுவரை வரவில்லை.

இந்த பயத்துக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு என்பதற்கு நோட்டாவே சாட்சி. முன்பு யாருக்கும் ஓட்டில்லை என்றால் 49ஓ-வில் கையெழுத்துப் போட வேண்டும். அறை முழுக்கத் தெரிந்துவிடும். ஓட்டுப் போடுபவருக்கு இருக்கும் ரகசியம் மறுப்பவருக்கும் வேண்டும் என்றுதான் 2013 செப்டம்பர் 27-ல் நோட்டா பட்டனுக்கு உத்தரவு வந்தது. மற்றபடி நோட்டா முதலிடம் பிடித்தாலும், அடுத்து வந்த வேட்பாளரே ஜெயித்தவர்.

கேள்வி: முடிவில் சந்தேகம் இருந்தால் சாதாரண வாக்காளர் வழக்குப் போடலாமா?
(வாசகர், திருநெல்வேலி)

போடலாம். அந்தத் தொகுதியின் வாக்காளர் யாரும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 81-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். 2024 ஜூன் 4 முடிவுக்கு ஜூலை 19-தான் கெடு. உடம்பு சரியில்லை, வக்கீல் ஊரில் இல்லை என்ற காரணமெல்லாம் இங்கே எடுபடாது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே இல்லை. காப்புத் தொகை 2,000 ரூபாய். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல், ஒவ்வொன்றிலும் உண்மை நகல் என்று மனுதாரரே கையெழுத்திட வேண்டும். வேறொருவர் ஜெயித்ததாக அறிவிக்கக் கேட்டால், களத்தில் நின்ற எல்லா வேட்பாளரையும் சேர்க்க வேண்டும். எந்த வேட்பாளர் மீது ஊழல் நடவடிக்கை (ஓட்டுக்குப் பணம் கொடுப்பது போன்றது) என்று எழுதுகிறீர்களோ அவரையும் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டாலும் 86(1) பிரிவில் மனு தள்ளுபடி.

பிறகு கணக்கு வருகிறது. விதிமீறல் நடந்தது என்பது போதாது. அது முடிவைப் பாதித்தது என்று காட்ட வேண்டும். 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு. அப்படி ஓர் இடத்தில் 50 கள்ள ஓட்டை ஐயம் திரிபற நிரூபித்தாலும் முடிவு மாறாது.

மறு எண்ணிக்கை கேட்பதற்கு நேரம் நிமிடக் கணக்கில்தான். கடைசிச் சுற்றின் மொத்தத்தைப் படித்ததும், முடிவை அறிவிப்பதற்குள், 63-வது விதியில் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்தத் தாள்தான் பின்னால் மனுவின் முதுகெலும்பு. அறிவித்துக் கையெழுத்துப் போட்டபின் அவரிடம் மன்றாடிப் பயனில்லை.

உங்கள் மாவட்டத்துக் கதையே இருக்கிறது. 2016-ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் இன்பதுரையிடம் தோற்றார். சான்றளித்தவர் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி இல்லை என்று 203 தபால் ஓட்டுகள் செல்லாதவையாகியிருந்தன. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது; எண்ணியும் ஆயிற்று. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டமன்றத்தின் ஆயுளே 2021-ல் முடிந்துவிட்டது. தேர்தல் மனுவை 6 மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று 86(7) சொல்கிறது. ‘முயலவேண்டும்’ என்ற சொல்லில்தான் இத்தனை வருடமும் ஒளிந்திருக்கிறது. அந்த மனு மூன்று ஆண்டு தாக்குப்பிடித்து மறு எண்ணிக்கை வரை வந்ததற்குக் காரணம், அதில் இருந்தது எத்தனை ஓட்டு, எந்தச் சுற்று, எதற்காகத் தள்ளினார்கள் என்கிற எண்கள்.

கேள்வி: சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்க முடியுமா?
(வாசகர், சேலம்)

2024 டிசம்பர் 20-ல் 93-வது விதியைத் திருத்தி, பொதுமக்கள் பார்க்கக் கூடியவை விதிகளில் குறிப்பிட்ட காகிதங்கள் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பதிவுகளை 45 நாள் மட்டும் வைத்திருக்கலாம் என்று 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியது. மனுவின் கெடுவும் அதே 45 நாள் என்பதால், மனுவைக் கடைசி நாளில் தாக்கல் செய்தால் பதிவு காப்பாற்றப்படும் என்று நம்பி இருக்காதீர்கள். முதல் வாரத்திலேயே, எந்தச் சாவடி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மாவட்டத் தேர்தல் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டை மனுவோடு இணையுங்கள்.

கேள்வி: தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பை முன்கூட்டியே போட்டால்?
(வாசகர், நாகர்கோவில்)

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு பாயும். முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கும் நேரத்திலிருந்து, கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை தடை. 2 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குழுவில் பரப்புவதும் பரப்புவதுதான்.

கேள்வி: விரல் மை உண்மையில் அழியாதா? எலுமிச்சம்பழம் தேய்த்தால் போய்விடுமாமே?
(வாசகி, ஈரோடு)

மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் பட்டு வெளிச்சத்தில் கறுத்த பிறகு, அந்தத் தோல் வளர்ந்து உதிர்ந்தால்தான் போகும். ஆனால் வைத்த கையோடு, காய்வதற்குள் துடைத்தால் மங்கிவிடும். அதனால்தான் மை வைத்தபின் உங்களைக் கையெழுத்து, பட்டன் என்று சற்று நேரம் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். விரலில் எண்ணெயோ கிரீமோ இருந்தால் அலுவலர் துணியால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். இடது ஆள்காட்டி விரல் இல்லாதவர்களுக்கு இடது கையின் வேறு விரல். இடது கையே இல்லையென்றால் வலது கை ஆள்காட்டி விரல்.